வன்னி விதைன்னு வாங்கினது சீமைக்கருவையா? பார்த்துச் சொல்லுங்க

#1 செம்மண்தம்பி | பிப்ரவரி 18, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். ஊர் சிவகங்கைப் பக்கம். எங்க கண்மாய்க் கரையில போன வருஷம்தான் மெஷின் வச்சுக் கருவையை வேரோட பிடுங்கினோம். அந்த இடத்துல வன்னி, மருது, நாவல் வைக்கலாம்னு ஊர்ல பேச்சு. வன்னிக்கன்று எங்கயும் சிக்கல. ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சு அரைக்கிலோ விதை வாங்கிட்டேன். அவர் பேர் இங்க வேண்டாம்.

பையைப் பிரிச்சதுல இருந்து மனசு உறுத்துது. பாசிப்பயறைவிடக் கொஞ்சம் பெருசு, ஆனா தட்டை. முட்டை வடிவம், பழுப்பு நிறம், தட்டையான பக்கத்துல லேசா ஒரு கோடு. ஸ்கேல் வச்சுப் பார்த்தா நீளம் 6 மி.மீ. சொச்சம். எங்கம்மா கையில வாங்கிப் பார்த்துட்டு "இது ஆட்டுப்பட்டியில கெடக்குற கொட்டை மாதிரில்லடா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

படம் ரெண்டு போட்டிருக்கேன். மறுபடியும் கருவையையே நட்டுட்டேன்னா ஊர்ல தலைகாட்ட முடியாது.

#2 கடப்பாரை | பிப்ரவரி 18, இரவு 9:31

சீமைக்கருவையேதான். யோசிக்காம எரிச்சிருங்க. காத்துல இருக்குற ஈரத்தையே உறிஞ்சுற மரம் அது. அது நிக்கிற ஊர்ல மழையே பெய்யாது. ஹெலிகாப்டர்ல வந்து தூவிட்டுப் போனானுங்க.

#3 விதைப்பெட்டி | பிப்ரவரி 18, இரவு 10:20

கடப்பாரை, படம் போட்டுப் பதினேழு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டீங்க. நான் முப்பது வருஷம் தாவரவியல் பாடம் எடுத்தவள், எனக்கே இந்தப் படத்தை வச்சுச் சொல்லத் தைரியம் வரல.

தம்பி, அந்தக் கோட்டை நல்ல வெளிச்சத்துல பாருங்க. நகைக்கடைக்காரர் கண்ணுல மாட்டுற லென்ஸ் இருந்தா நல்லது. குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு, ஒரு முனை மூடாம இருக்கும். ஆனா கோடு இருக்குன்னு மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. சீமைக்கருவை, வன்னி, நாட்டுக் கருவேலம், சூபாபுல் எல்லாத்துக்குமே அப்படி ஒரு கோடு உண்டு.

எளிசா கழிக்கக்கூடியதை முதல்ல கழிச்சிருவோம். சூபாபுல் (உங்க பக்கம் சவுண்டல்னும் சொல்லுவாங்க) விதை கண்ணீர்த்துளி மாதிரி ஒரு முனை கூர்ந்து, எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு, ரொம்பத் தட்டையா, 8 மி.மீ. வரும். நாட்டுக் கருவேல விதை கிட்டத்தட்ட வட்டம், 7 முதல் 9 மி.மீ., கறுப்பு கலந்த பழுப்பு, பளபளப்பு கம்மி. அதுல கோடு விதையோட ஓரத்தை ஒட்டியே பெரிய வட்டமா ஓடும்.

மிச்சம் வன்னியும் சீமைக்கருவையும். சிக்கலே இங்கதான். ரெண்டும் முட்டை வடிவம், ரெண்டும் பழுப்பு, அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு. எடை போட்டும் பிரயோஜனம் இல்ல, ரெண்டுமே கிலோவுக்கு 25,000 விதை பக்கம் நிக்கும். சமீப காலம் வரைக்கும் ரெண்டையும் புரோசோபிஸ்ங்கிற ஒரே பேரினத்துலதான் வச்சிருந்தாங்க. 2022லதான் சீமைக்கருவையைப் பிரிச்சு நெல்ட்டுமான்னு பேர் மாத்தினாங்க. வன்னி பழைய பேர்லயே இருக்கு.

அதனால விதையை விடுங்க. நெத்து (முத்திக் காய்ஞ்ச காய்) இருக்கா? தோலு, சக்கை, உடைஞ்ச துண்டு எதாவது பையோட அடியில கெடக்கா? பையைக் கவுத்திப் பாருங்க.

பி.கு. ஹெலிகாப்டர் கதை நானும் சின்ன வயசுல இருந்து கேக்குறேன். ஆனா ஹெலிகாப்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மரம் வந்திருச்சு. வனத்துறை அதிகாரி பெட்டோம் 1876ல மெட்ராஸ் வருவாய்த் துறைக்கு எழுதிக் கேட்டு, ஜமைக்காவுல இருந்து விதை வந்து, மறுவருஷம் கடப்பை மாவட்டம் கமலாபுரத்துல விதைச்சது பதிவுல இருக்கு. விறகுக்காகத்தான்.

#4 பாலைக்காற்று | பிப்ரவரி 19, காலை 7:02

ஜோத்பூர்ல வேலை பார்க்கிற தமிழன். இங்க வன்னிதான் மாநில மரம், கேஜ்ரின்னு சொல்றாங்க. பிஞ்சு நெத்தைப் பறிச்சுக் காயவச்சது சாங்கிரி. கேர் காயோட சேர்த்து வதக்கினா கல்யாண வீட்டு ஐட்டம். விலையைக் கேட்டா வாங்க மனசு வராது.

வன்னி நெத்து காராமணிக்காய் மாதிரி மெலிசு, உருண்டை. பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமன், கொத்தாத் தொங்கும். சீமைக்கருவை நெத்து வேற ஜாதி. வெளிர்மஞ்சள், தட்டை, சுண்டுவிரல் அகலம், விதை இருக்குற இடமெல்லாம் லேசா மேடு தட்டியிருக்கும். நெத்தோட பார்த்தா குருடன்கூடத் தடவிச் சொல்லிருவான்.

#5 செம்மண்தம்பி | பிப்ரவரி 19, மாலை 6:48

அக்கா, பையை நியூஸ் பேப்பர்ல கொட்டிப் பார்த்தேன். நெத்துத் துண்டு ஒண்ணுகூட இல்ல. அடியில ஒரு கைப்பிடி தூசி. அதுல மிளகு மாதிரி கறுப்பா, நசுக்கினா நார்நாரா உதிர்ற உருண்டைங்க கொஞ்சம். லேசா ஒரு வாடை அடிக்குது. விதையில சிலதுல குண்டூசித் தலை அளவுக்கு வட்டமா ஓட்டை இருக்கு.

#6 கிடைக்காரன் | பிப்ரவரி 19, இரவு 8:10

அண்ணே, அது புழுக்கை. உங்கம்மா சொன்னது சரி.

நாங்க ஆடு மேய்க்கிற கீதாரி குடும்பம். கோடையில கருவ நெத்து கொட்டும்போது ஆடு வேற எதையும் சீந்தாது, இனிப்பு அப்படி. மேய்ஞ்சுட்டு வந்து ராத்திரி பட்டியில படுத்து அசைபோடும்போது கொட்டையில கொஞ்சத்தைத் துப்பிரும். மிச்சம் புழுக்கையோட வரும். விடியக்காலம் பட்டியைக் கூட்டுனா கொட்டை தனியா, சுத்தமா கெடக்கும். சின்னப்பிள்ளையில படி கணக்குல பொறுக்கிக் கொடுத்திருக்கோம். கருவேல விதை வேணும்னு வந்து எங்ககிட்ட வாங்கிட்டுப் போவாங்க, ஆடு தின்னு போட்ட விதைதான் சீக்கிரம் முளைக்கும்னு. அதுல எது நாட்டுக்கருவை, எது சீமைக்கருவைன்னு யாரும் பிரிச்சதில்ல, நாங்களும் பிரிச்சதில்ல. அதுதான் நெசம்.

#7 விதைப்பெட்டி | பிப்ரவரி 19, இரவு 9:05

கிடைக்காரன் தம்பி, நான் ஒரு வகுப்பு முழுக்க எடுத்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நன்றி.

இப்ப கணக்கு சரியா வருது. சீமைக்கருவை நெத்துக்குள்ள ஒவ்வொரு விதையும் தனித்தனியா ஒரு சின்னப் பெட்டிக்குள்ள அடைஞ்சிருக்கும். செருப்புத் தோல் மாதிரி விறைப்பான பெட்டி, தானா வெடிக்காது. சுத்திப் பிசுபிசுன்னு சக்கை வேற. ஒரு தடவை ஆய்வுக்கூடத்துக்காகக் கத்திரிக்கோல் வச்சு ஓரத்தை வெட்டி வெட்டி எடுத்தேன். ஒரு மணி நேரத்துல நாப்பது விதை, கட்டைவிரல்ல கொப்புளம். அரைக்கிலோன்னா பன்னிரண்டாயிரம் விதைக்கு மேல. தோல் துணுக்கு ஒண்ணுகூட ஒட்டாம அவ்வளவையும் கையால யார் எடுப்பா? ஆடுதான் எடுத்திருக்கணும்.

ஆனா தம்பி, இதுவும் முழுச் சாட்சி இல்ல. வன்னி நெத்தையும் ஆடு விரும்பித் தின்னும். வன்னி மரம் நிறைய நிக்கிற இடத்துல மேய்ஞ்ச ஆடா இருந்தா? கையை விட்டு நூறு விதை எடுத்து, நான் மேல சொன்ன அடையாளத்தை வச்சுக் குவியல் குவியலாப் பிரிங்க.

ஓட்டை போட்டது விதை வண்டு. புளியங்கொட்டையில, பயறுல வர்ற வண்டோட சொந்தக்காரன். உள்ள இருந்து தின்னுட்டு வெளிய வந்த வாசல் அது, அந்த விதை முளைக்காது. தென்னாப்பிரிக்காவுல 1987ல அமெரிக்காவுல இருந்து இந்த மாதிரி வண்டைக் கொண்டுவந்து வேணும்னே விட்டாங்க. மரமும் நெத்தும் அங்க கால்நடைக்கு வேணும், முளைக்கிற விதைதான் வேண்டாம். அதனால விதையை மட்டும் தின்கிற பூச்சியாத் தேடிப் பிடிச்சாங்க.

#8 கரிமூட்டம் | பிப்ரவரி 20, மதியம் 1:26

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நமக்கு முதுகுளத்தூர் பக்கம். ஆளாளுக்குக் கருவையைத் திட்டுறீங்க. எங்க அப்பா கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் என்னைப் படிக்க வச்சார். மூணு வருஷம் மழை இல்லாதப்ப நெல்லு கைவிட்டுச்சு, மிளகா கைவிட்டுச்சு, விறகு வெட்டித்தான் சோறு தின்னோம். 2017ல ஐகோர்ட் மதுரைக் கிளை அகத்தச் சொன்னப்ப டிவியில எல்லாரும் கைதட்டினாங்க. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

#9 கடப்பாரை | பிப்ரவரி 20, மதியம் 1:40

அதுக்காகக் கண்மாயை அழிய விடுறதா? மடையே தெரியாம மூடிக் கெடக்கு எங்க ஊர்ல. நாப்பது வருஷமா தண்ணி கடைசி வயலுக்குப் போகல.

#10 கரிமூட்டம் | பிப்ரவரி 20, மதியம் 1:52

கண்மாய்க்குள்ள நிக்கிறதை வெட்டுறதுக்கு நானே வர்றேன், கூலிகூட வேண்டாம். பட்டா நிலத்துல பயிர் பண்றதையும் அதையும் ஒண்ணாப் பேசாதீங்கன்னுதான் சொல்றேன்.

#11 மட்டுறுத்துநர் | பிப்ரவரி 20, மதியம் 2:15

ரெண்டு பேரும் நல்ல விஷயம்தான் பேசுறீங்க, ஆனா இது விதை அடையாளம் கேட்ட இழை. கருவை வேணுமா வேண்டாமாங்கிறதுக்கு 400 பதிவு ஓடின பழைய இழை ஒண்ணு இருக்கு, அங்க தொடருங்க. மழையைத் தடுக்கும், காத்துல ஈரத்தை உறிஞ்சும்ங்கிற வாட்ஸ்அப் செய்தியை ஆதாரம் இல்லாமப் போட்டா இனி நீக்கிருவேன். வேர் ஆழமாப் போகும்ங்கிறது வேற விஷயம், அது உண்மை. அரிசோனாவுல இந்த மரத்தோட சொந்தக்கார வகை ஒண்ணோட வேரை 53 மீட்டர் ஆழத்துல, ஒரு சுரங்கத்துக்குள்ள பார்த்திருக்காங்க.

#12 தெற்குக்கரை | பிப்ரவரி 20, இரவு 10:44

வணக்கம். நான் இலங்கையிலயிருந்து. கொஞ்ச நாள் அம்பாந்தோட்டைப் பக்கம் வேலை செய்தனான். அங்க பூந்தல தேசியப் பூங்காவுக்குள்ளயும் இதே மரம்தான் பிரச்சினை. சிங்களத்தில 'கலப்பு அந்தர' எண்டு சொல்லுவினம். 1950களில உப்பு ஏறின மண்ணைத் திருத்தலாமெண்டு கொண்டுவந்து வச்சதாம். பறவைகள் வாற களப்புக்கரை முழுக்க இப்ப முள்ளுக்காடு.

அங்கயும் பரப்பினது மாடும் எருமையும்தான். காய்ஞ்ச சாணியை உடைச்சுப் பாத்தால் உள்ள விதை வரிசையா இருக்கும். மழை பெய்ஞ்சு ஒரு கிழமையில ஒரு சாணிக்குள்ள இருந்து பத்துக் கண்டு கூட்டமா நிக்கிறதைக் கண்ணால கண்டிருக்கிறன். தனி மரத்தில இருந்து விழுந்த விதை அப்பிடிக் கூட்டமா முளைக்காது. நிலத்தில கண்டுகள் வட்டமா, கட்டி கட்டியா நிண்டால் மாடு வந்து போன இடமெண்டு விளங்கிக்கொள்ளலாம்.

#13 செம்மண்தம்பி | பிப்ரவரி 22, காலை 11:30

நூறு எண்ணிப் பிரிச்சாச்சு. தங்கச்சி கூட உக்காந்து உதவி பண்ணுச்சு.

முட்டை வடிவம், பழுப்பு, 6 மி.மீ. பக்கம்: 83
வட்டமா, பெருசா, கறுப்படிச்சது: 14
பளபளன்னு கண்ணீர்த்துளி மாதிரி: 3

முதல் குவியல்ல ஓட்டை விழுந்தது மட்டும் 9.

#14 விதைப்பெட்டி | பிப்ரவரி 22, மதியம் 12:08

பதினாலும் நாட்டுக் கருவேலம், மூணும் சூபாபுல். வன்னி மரத்துல ஏறிப் பறிச்ச விதைன்னா அதுல கருவேலமும் சூபாபுல்லும் எப்படி வந்துச்சு? பட்டியில கூட்டி அள்ளினதுதான்னு இப்ப தைரியமாச் சொல்லலாம். உங்க பக்கத்து மேய்ச்சல் காட்டுல வன்னி நெத்தா அதிகம் கெடக்கும், கருவ நெத்தா அதிகம் கெடக்கும்னு நீங்களே சொல்லுங்க.

இருந்தாலும் முளைக்க வச்சுப் பார்த்துருவோம். முதல் குவியல்ல ஓட்டை இல்லாத இருபது எடுங்க. பத்தை அப்படியே தண்ணியில போடுங்க. பத்துக்கு நகவெட்டியால ஓரத்துல லேசா ஒரு கடி. முளை வர்ற கூர்முனையை விட்டுட்டு எதிர்ப்பக்கம் கடிக்கணும், வெள்ளை தெரிஞ்சாப் போதும். தனித்தனி டம்ளர். கருவேலத்துலயும் அஞ்சைக் கடிச்சு இன்னொரு டம்ளர்ல.

முளைச்சதைக் கவர்ல வச்சு, கவரை சிமெண்டுத் தரையில வைங்க. மண்ணுல வேர் இறங்க விட்டுறாதீங்க.

#15 செம்மண்தம்பி | பிப்ரவரி 24, காலை 6:55

கடிக்காம போட்ட பத்துல ஒண்ணுதான் ஊறியிருக்கு, மத்ததெல்லாம் கல்லு மாதிரி அப்படியே கெடக்கு. கடிச்ச பத்தும் ரெண்டு மடங்கு ஊதிப்போச்சு. விரல்ல பிடிச்சா வழுக்குது. தோலை உரிச்சா பருப்புக்கு ரெண்டு பக்கமும் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கண்ணாடியா ஒரு ஜவ்வு. கருவேல டம்ளர்ல விதை ஊறியிருக்கு, ஆனா அந்த ஜவ்வு இல்ல.

#16 விதைப்பெட்டி | பிப்ரவரி 24, காலை 9:12

அதேதான். அந்த ஜவ்வு கொத்தவரை விதையில இருந்து எடுக்கிற கோந்து வகையைச் சேர்ந்தது. சீமைக்கருவை விதையில அது நிறைய உண்டு. உங்க ஊர்க் கருவேலத்துல இல்லைன்னு நீங்களே பார்த்துட்டீங்க. ஆக மொத்தம் அந்த 83 கருவேலம் இல்லைங்கிறது உறுதி. வன்னியா இல்லையாங்கிறதைக் கன்று சொல்லட்டும்.

தோல் அப்படிக் கல்லா இருக்கிறதுதான் இதோட சூட்சுமம். இன்னைக்கு மழைக்கு எல்லாமே முளைச்சிராது. ஒண்ணு ரெண்டு முளைக்கும், மிச்சம் மண்ணுக்குள்ள உக்காந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நீங்க கரையில வேரோட பிடுங்கினீங்களே, அங்க மண்ணுக்குள்ள இன்னும் எவ்வளவு கெடக்கோ. முதல் மழைக்கு அப்புறம் ஒரு தடவை, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை போய்ப் பாருங்க. விரல் உயரத்துல இருக்கும்போது கையால பிடுங்கிரலாம். முழங்கால் உயரம் வந்துட்டா அடித்தண்டுல இருந்து தழைக்கும், வெட்ட வெட்டப் பெருகும்.

#17 செம்மண்தம்பி | பிப்ரவரி 24, இரவு 8:37

இன்னொரு சந்தேகம். நாங்க வருஷா வருஷம் உரத்துக்காக வயல்ல ஆட்டுக்கிடை போடுவோம். கண்மாய்க் கரம்பை மண்ணையும் அள்ளிப் போடுவோம். அப்ப நாங்களே காசு கொடுத்து விதைச்சுக்கிட்டு இருக்கோமா? கிடையே வேண்டாம்னு சொல்லிரலாமா?

#18 கிடைக்காரன் | பிப்ரவரி 24, இரவு 9:20

அண்ணே, வயித்துல அடிக்காதீங்க. கிடை போட்ட வயலை மறு உழவுல மடக்கிருவீங்க, நெல்லு வயல்ல கருவை எங்க தலையெடுத்துச்சு? உழாத வரப்பு, கரை, தரிசு, அங்கதான் வரும். நெத்து கொட்டுற மாசத்துல கிடை வேணும்னா ஒரு நாலஞ்சு நாள் முந்தியே சொல்லுங்க. கருவக்காட்டுப் பக்கம் விடாம ஓட்டியாறோம். கரம்பையிலதான் எனக்குப் பயம். கண்மாய்க்குள்ள இருந்து அள்ளுறது, அதுல இல்லாத விதையா.

#19 பாலைக்காற்று | பிப்ரவரி 25, காலை 6:40

கிடைக்காரன் சொல்ற யோசனையைத்தான் ஆஸ்திரேலியாவுலயும் செய்றாங்க. இந்த மரம் நிக்கிற மேய்ச்சல் நிலத்துல இருந்து மாட்டை வேற இடத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பட்டியில அடைச்சு வைப்பாங்க, வயித்துல இருக்கிறது இறங்கட்டும்னு. நாலு நாளைக்குப் பதிலா ஒரு வாரமா வச்சுக்கிட்டா நல்லதுன்னு தோணுது.

#20 செம்மண்தம்பி | ஏப்ரல் 9, மாலை 5:18

லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும், அறுவடை. பத்துல எட்டு முளைச்சு நிக்குது. முழம் உயரம்கூட இல்ல, அதுக்குள்ள முள்ளு. இலை கிளம்புற கணுவுலயே இருக்கு, சில இடத்துல ஜோடியா. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல தண்டு வழுவழுன்னு இருக்கு. ஒரு காம்புல சிற்றிலை 16 ஜோடி எண்ணினேன்.

#21 விதைப்பெட்டி | ஏப்ரல் 9, இரவு 7:50

வன்னிக்கு முள் கணுவுல உக்காராது. தண்டு நெடுக, கணு இடைவெளியில, அடி அகலமா ரோஜா முள் மாதிரி அங்கங்க சிதறிக் கெடக்கும். சிற்றிலையும் 7லிருந்து 14 ஜோடிக்குள்ள அடங்கும். இது சீமைக்கருவை தம்பி. எட்டும்.

மிச்ச விதையை அடுப்புல போடுங்க. குப்பையில கொட்டிறாதீங்க, எருக்குழியிலயும் வேண்டாம். கொதிதண்ணியை ஊத்திச் சாகடிக்கிறேன்னு மட்டும் கிளம்பாதீங்க. அது நர்சரியில முளைக்க வைக்கிறதுக்குச் செய்ற வேலை.

#22 கடப்பாரை | ஏப்ரல் 9, இரவு 7:58

நான் முதல் நாளே சொன்னேன்.

#23 செம்மண்தம்பி | ஏப்ரல் 10, காலை 8:25

சொன்னீங்கண்ணே, ஒத்துக்கிறேன். 😄

விதை கொடுத்தவருக்கு போன் போட்டேன். சண்டை போடல. "கிடையில வாங்கினதுதான் தம்பி, வன்னி விதைன்னு சொல்லித்தான் எனக்கும் கொடுத்தாங்க"ன்னார். ஏமாத்துற மனுசன் மாதிரித் தெரியல. அவரே போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதே விதையில கன்று போட்டுக் கொடுத்திருக்காராம். அந்த ஊர் பேரை வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை ஒரு நடை போய்ப் பார்க்கணும்.

நிஜ வன்னி நெத்து யார்கிட்டயாவது கிடைக்குமா? விதையா வேண்டாம், நெத்தாவே வேணும்.

#24 விதைப்பெட்டி | ஏப்ரல் 10, காலை 10:02

விருத்தாசலம் கோயில்ல தலமரமே வன்னிதான், திருவான்மியூர்லயும் அதுதான். ஆனா கோயில் மரத்துல கை வைக்க வேண்டாம். என் மாணவி ஒருத்தி தோட்டத்துல ரெண்டு வன்னி நிக்குது. நெத்து முத்தினதும் அனுப்பச் சொல்றேன். முகவரியைத் தனிச்செய்தியில போடுங்க.

#25 செம்மண்தம்பி | ஜூன் 21, மாலை 6:33

அக்கா, பார்சல் வந்துருச்சு. 14 நெத்து. காராமணிக்காய் மாதிரியேதான் இருக்கு, ஜோத்பூர் அண்ணன் சொன்னது கரெக்ட். ரெண்டுல வண்டு ஓட்டை. அம்மா ஒண்ணை எடுத்து ஆட்டுக்கு நீட்டப் போச்சு, கையில இருந்து பிடுங்கி வச்சிருக்கேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துல 30 கன்று வச்சிருந்தாங்க. இடுப்பு உயரம், நல்லா தண்ணி ஊத்தி வளர்த்திருக்காங்க. ஹெச்.எம்.கிட்ட சொன்னதும் அவர் முகம் போன போக்கு இருக்கே. பிள்ளைங்க ஒவ்வொரு கன்றுலயும் பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கு. வர்ற சனிக்கிழமை கிடைக்காரன் தம்பியும் நானும் கடப்பாரை எடுத்துட்டுப் போறோம். பேர் அட்டையை மட்டும் கழட்டிப் பத்திரமா வைக்கச் சொல்லியிருக்கேன், நாவக்கன்று வந்ததும் அதுலயே கட்டிக்கலாம்னு.